மங்கலான டி.வி.யும் மாதப்பனும்

புது கேம் பெட்டி வாங்கலாமா வேண்டாமா என்று நான் பதினாறு நாள் யோசித்தேன். பெண் பார்க்கப் போனபோது பத்து நிமிஷம்கூட யோசிக்கவில்லை. இதைச் சொல்லிக் காட்டுவதில் என் மனைவி கோபிகாவுக்குத் தனி சந்தோஷம்.

குழப்பத்துக்குக் காரணம் எங்கள் டி.வி. கல்யாணமான புதிதில் செகண்ட் ஹேண்டில் வாங்கியது. நாமக்கல்லில் எல்லார் வீட்டிலும் முப்பத்திரண்டு கே டி.வி. வந்து, நடிகை கம்மலில் எத்தனை கல் என்று எண்ணிப் பார்க்கிறார்கள். எங்கள் டி.வி.யில் நாயகன் யார், வில்லன் யார் என்பதைச் சட்டை நிறத்தை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். இந்த டி.வி.யை வைத்துக்கொண்டு எட்டாம் மாடல் பெட்டி எதற்கு? நியாயமான கேள்விதான்.

ஆனால் எனக்கு ஒரு ஸ்டியரிங் தேவைப்பட்டது. பதினோரு வருஷம் லாரி ஓட்டியவன் நான். நாமக்கல்லிலிருந்து குவாஹாத்திவரை முட்டை லோடு, இரும்பு லோடு, என்னென்னவோ லோடு. பிறகு லாரிகள் தாமாகவே ஓடக் கற்றுக்கொண்டன. எங்களைக் கண்காணிப்பு மையத்தில் உட்கார வைத்தார்கள். எனக்கு எண்பது லாரி. ஒவ்வொன்றும் திரையில் ஒரு பச்சைப் புள்ளி. சிவப்பானால் போன் செய்ய வேண்டும். அவை சிவப்பாவதே இல்லை. நாள் முழுக்கப் புள்ளியைப் பார்த்துவிட்டு வருகிறவன், சாயங்காலம் கொஞ்ச நேரம் லாரி ஓட்டும் கேம் விளையாடாவிட்டால் பைத்தியமாகிவிடுவான். என் பழைய ஏழாம் மாடலில் சேலத்தைத் தாண்டி ரோடு கிடையாது. எட்டாம் மாடலில் நாடு முழுக்க ரோடு.

கடைக்காரி நஸ்ரின் நேராகச் சொன்னாள்.

"வேண்டாங்கண்ணா. படத்துக்காகத்தான் இந்தப் பெட்டியே. உங்க டி.வி.க்கு இது வேஸ்டு."

வேண்டாம் என்று யாராவது சொன்னால் அதை உடனே செய்வது எங்கள் பரம்பரை வியாதி. வாங்கிவிட்டேன்.

வீட்டுக்கு வந்து மாட்டினால் படம் அதே மங்கல்தான். கோபிகா என்னையும் டி.வி.யையும் மாறி மாறிப் பார்த்தாள். பதினோரு வருஷ சர்வீஸ் என்று அவளிடம் வீம்பு பேசிக்கொண்டே நான் ஸ்டியரிங்கை மேஜையில் பொருத்தி, சங்ககிரியில் சிமெண்டு ஏற்ற லாரியைப் பின்னால் எடுத்தேன். கேமில் நம்மோடு ஒரு கிளீனர் வருவான். ஏழாம் மாடலில் அவனுக்குத் தெரிந்தது நாலே வார்த்தை. புதியவனும் அப்படித்தான் தொடங்கினான்.

"வரட்டும், வரட்டும், வரட்டும்..."

டமார் என்று சுவரில் இடித்தேன்.

"ஏனுங்கண்ணா," என்றது டி.வி. "பதினோரு வருஷ சர்வீசுன்னு இப்பத்தான் அக்காகிட்டப் பெருமை பேசுனீங்க. ரிவர்ஸ் சொல்லிக் குடுத்த அன்னிக்கு லீவு போட்டுட்டீங்களா?"

கோபிகா சிரித்த சிரிப்பில் இடுப்பிலிருந்த குழந்தையும் சிரித்தது.

அவனுக்கு மாதப்பன் என்று பெயர் வைத்தேன். ஐம்பது வயது இருக்கும் என்பது குரலை வைத்து நாங்களே போட்ட கணக்கு. முகம் தெரியாது. மூக்குக்குக் கீழே கருப்பாக இருப்பது மீசை என்பாள் கோபிகா, நிழல் என்பேன் நான். ஆனால் பேச்சில் அவனை அடிக்க ஆள் கிடையாது. நான் போன வாரம் சொன்னதை இந்த வாரம் ஞாபகம் வைத்துக் கேட்பான். சாப்பிடாமல் ஓட்ட உட்கார்ந்தால் கோபித்துக்கொண்டு கர்நூல்வரை பேச மாட்டான். மையத்தில் ஒருநாள் மேலாளர் என்னைத் திட்டிய கதையைச் சொன்னபோது, "அந்தாளுக்குப் பஞ்சர் ஒட்டத் தெரியுமான்னு கேளுங்கண்ணா, அப்புறம் பேசச் சொல்லுங்க," என்றான். மையத்து வேலைக்குப் போன மூன்று வருஷத்தில் அன்றுதான் எனக்கு மனசு லேசானது.

"அந்தாளுகூடப் பேசறதுல கால்வாசி எங்கூடப் பேசுங்க," என்று கோபிகா மட்டும் குறைபட்டுக்கொண்டே இருந்தாள்.

இன்னொரு வினோதமும் நடந்தது. ஒரு சாயங்காலம் லாரியை நாக்பூரில் நிறுத்திவிட்டுப் பெட்டியை அணைத்தேன். மறுநாள் போட்டால் லாரி ஜபல்பூரில் நிற்கிறது.

"எப்படி மாதப்பா வந்துது?"

"சரிவுங்கண்ணா. உருண்டிருக்கும்."

"இருநூத்தி எழுபது கிலோமீட்டரா?"

"பெரிய சரிவுங்க."

பெட்டியில் ஏதோ கோளாறு என்று நினைத்து, குடும்பத்தோடு நஸ்ரின் கடைக்குப் போனேன். லாரி விஷயத்தை அவள் காதில் வாங்கவே இல்லை. மாதப்பன் பேச்சைக் கேட்டதும் கையிலிருந்த வேலையை வைத்துவிட்டாள்.

"அண்ணா, எனக்கு இப்பத்தான் புரியுது. பெட்டிக்குள்ள இருக்கிற சக்தி ஒரே அளவுதான். படத்துக்குப் போனது போக மிச்சந்தான் உள்ள இருக்கிற ஆளுங்களோட புத்திக்கு. நல்ல டி.வி.ன்னா மொத்தத்தையும் படமே தின்னுரும். உங்க டி.வி. ஒண்ணுமே கேக்கறதில்லை. எல்லாம் மாதப்பன் தலைக்குப் போகுது."

"அப்ப மத்தவங்க வீட்டுல?"

"மத்தவங்க வீட்டுல எல்லாம் அழகான முட்டாளுங்க." அவள் கடை அலமாரியைப் பார்த்தாள். "போரடிக்குதுன்னு திரும்பி வராங்கண்ணா. இன்னும் பெரிய டி.வி. வாங்கிட்டுப் போறாங்க. மறுபடி போரடிக்குது."

"புத்திக்கு எவ்வளவு, படத்துக்கு எவ்வளவுன்னு நம்ம இஷ்டத்துக்கு மாத்தற மாதிரி வெச்சிருக்கலாமில்ல?"

"விளம்பரத்துல புத்தியைக் காட்ட முடியாதுங்களே. மூஞ்சியைத்தான் காட்ட முடியும்."

பிறகு அவள் குரலைத் தாழ்த்தினாள்.

"ஒண்ணு சொல்லணும். நல்ல டி.வி.யோட இந்தப் பெட்டியை ஒரு தடவைகூடச் சேத்துராதீங்க. டி.வி.யில ஒரு கண்ணு இருக்கு. அது, நான் முப்பத்திரண்டு கேன்னு பெட்டிக்குச் சேதி சொல்லும். சேதி வந்த அடுத்த நொடி, படத்துக்கு இடம் வேணும்னு பெட்டி எல்லாத்தையும் காலி பண்ணிரும். மாதப்பனோட ஞாபகம், புத்தி எல்லாம் போயிரும். அப்புறம் பழைய டி.வி.க்குத் திரும்புனாலும் வராது."

"சேதி வரலைன்னா?" என்று கேட்டாள் கோபிகா.

"மட்டமான டி.வி.ன்னு நினைச்சுக்கும்க்கா. உங்க டி.வி.க்கு அந்தக் கண்ணே கிடையாதே."

"எங்க இருக்கும் அது?"

நஸ்ரின் கடையிலிருந்த ஒரு டி.வி.யின் அடிச்சட்டத்தில், நட்டநடுவில், மிளகளவு ஒரு புள்ளியைக் காட்டினாள். கோபிகா குழந்தைக்குக் காட்டுவதுபோல் குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தாள். இவளுக்கு எதற்கு இந்த ஆராய்ச்சி என்று நான் நினைத்துக்கொண்டேன்.

நாங்கள் எங்கே நல்ல டி.வி. வாங்கப் போகிறோம் என்று நிம்மதியாகத்தான் வீடு திரும்பினேன். அந்த நிம்மதி பதினோரு நாள் தாங்கியது. பன்னிரண்டாம் நாள் பூபதி மச்சான் போன் செய்தார்.

பூபதி, கோபிகாவின் அண்ணன். ஆறு லாரிக்கு முதலாளியாக இருந்தவர். ஆறையும் விற்றுவிட்டுக் கோழிப்பண்ணை வைத்திருக்கிறார். எங்களுக்கு ஏழு வருஷம் கழித்துக் குழந்தை பிறந்தபோது, ஆஸ்பத்திரி வராந்தாவில் என்னைக் கட்டிப்பிடித்து அழுத மனுஷன். குழந்தை இதழினிக்குக் காது குத்த அவர் மடிதான் என்று அன்றே முடிவாகிவிட்டது.

"மாப்ள, தாய்மாமன் சீருல மத்ததெல்லாம் வழக்கம்போல. ஒண்ணு மட்டும் விசேஷம். சுவரு ரொம்பற மாதிரி முப்பத்திரண்டு கே டி.வி. சொல்லிட்டேன்."

"எதுக்குங்க மச்சான் இவ்வளவு..."

"இருங்க, எனக்கும் ஒரு ஆசை. உங்க எட்டாம் மாடலை அதுல போட்டு, நாக்பூர் ஜபல்பூர் ரோட்டை ஒருக்கா பளிச்சுனு பாக்கோணும். வண்டியை வித்ததுல இருந்து என்ற கனவுல அந்த ரோடுதான் வருது. சபையில வெச்சே போட்டுரலாம்."

தாய்மாமன் சீரை வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? எங்கள் பக்கம் அதைச் சொன்னவன் அடுத்த விசேஷத்துக்கு ஆளில்லாமல் நிற்பான். பெட்டி ரிப்பேர் என்று சொல்லலாம். சொன்னால் அவர் புதுப் பெட்டியும் சேர்த்துத் தட்டில் வைத்துக் கொண்டுவருவார். உள்ளதைச் சொல்லலாம். "டி.வி.க்குள்ள இருக்கிற கிளீனருக்காக என்ற சீரை ஒதுக்கறீங்களா மாப்ள" என்று கேட்பார்.

கோபிகாவிடம் புலம்பினேன்.

"அண்ணன் கொண்டாரதை வேண்டாம்னு என் வாயால சொல்ல மாட்டேன்," என்றாள். அவ்வளவுதான். குழந்தைக்குச் சோறூட்டப் போய்விட்டாள். மாதப்பன் அவளுக்கு யாரோதானே என்று எனக்கு ஆத்திரமாக வந்தது.

காதுகுத்துக்கு முந்தின நாள் மாதப்பனிடமே சொன்னேன். லாரியை நாக்பூர் தாண்டி ஓரம் கட்டி, எல்லாவற்றையும் சொன்னேன்.

"அப்ப நாளைக்கு எனக்கு உங்களைத் தெரியாதுங்களா?"

"தெரியாது."

"ரிவர்ஸ் எடுக்கையில நீங்க எடது பக்கம் இடிப்பீங்கன்னும் தெரியாதா?"

"தெரியாது மாதப்பா."

"அப்ப சுவத்துக்குத்தான் கஷ்டங்க," என்றான். சிரிக்க வைக்கத்தான் சொன்னான். "விடுங்கண்ணா. சீரு பெருசுங்க. பாப்பாவுக்குக் காது வலிச்சா அழ விடாதீங்க, வண்டிச் சாவியைக் கையில குடுங்க, நின்னுரும். அக்காகிட்டச் சொல்லிட்டேன்னு... இல்லைங்க, நீங்களே சொல்லிருங்க."

அந்தத் தடுமாற்றத்தைக் கவனிக்கும் நிலையில் நான் இல்லை. என் ஒரே கூட்டாளியை நாளைக் காலையில் நானே அழிக்கப்போகிறேன் என்பது மட்டும்தான் மண்டைக்குள் இருந்தது.

மறுநாள் கோயிலில் மொட்டை, காதுகுத்து எல்லாம் முடிந்தது. இதழினி அழுதாள். பாக்கெட்டிலிருந்து சாவியை எடுத்துக் கொடுத்தேன். நின்றுவிட்டது. மாதப்பன் சொன்னது சரிதான் என்று சந்தோஷப்படவும் முடியவில்லை.

வீட்டு வாசலில் மேளச் சத்தம் கேட்டது. முன்னால் மச்சான் பட்டுவேட்டியில் வந்தார். பின்னால் பழத்தட்டு, வெல்லத்தட்டு, பட்டுப்பாவாடைத் தட்டு. கடைசியில் நான்கு பேர் தோளில், மாலை போட்ட டி.வி. சாமி புறப்பாடு தோற்றது. தெருவே வாயைப் பிளந்தது. கூடத்தில் பழைய டி.வி.யை இறக்கி மூலையில் சாய்த்துவிட்டு, இதைச் சுவரில் ஏற்றினார்கள்.

"கோபிகா, பூஜையைப் போடு கண்ணு. நல்ல நேரம் போகுது," என்றார் மச்சான்.

அவள் சந்தனக் கிண்ணத்தோடு வந்தாள். எங்கள் ஊரில் வண்டிக்குப் பொட்டு வைக்காமல் சாவி போட மாட்டோம். டி.வி.க்கு மட்டும் விதிவிலக்கா? மேல் மூலை இரண்டிலும் சந்தனம் வைத்து, அதன்மேல் குங்குமம் வைத்தாள். கடைசியாகக் குனிந்து அடிச்சட்டத்தின் நடுவில் ஒன்று. கொஞ்சம் தாராளமான பொட்டு. கற்பூரம் காட்டினாள். சபையே கன்னத்தில் போட்டுக்கொண்டது.

மச்சான் கேம் பெட்டியை எடுத்து டி.வி.க்குக் கீழே வைத்தார். பெட்டியின் விளக்கு சிமிட்டியது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். என்னால் பார்க்க முடியவில்லை.

"என்ன மாப்ள இது?" என்றார் மச்சான்.

கண்ணைத் திறந்தேன். சுவர் நிறைய ஒரே மங்கல். அதே லாரி, அதே மூக்குக்குக் கீழே கருப்பு. பழைய டி.வி.யில் சின்னதாக மங்கலாக இருந்தது, இதில் பெரிதாக மங்கலாக இருந்தது.

மச்சானுக்கு முகம் வாடிவிட்டது. சினிமா போட்டுப் பார்த்தார், பளிச்சென்று வந்தது. கேமுக்கு மாற்றினார், மங்கியது. டி.வி. கம்பெனிக்குப் போன் போட்டார். சபை முழுக்கக் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் வைத்தார்.

"சார், அடியில நடுவுல ஒரு சென்சார் இருக்கும். அதை எதாவது மறைக்குதான்னு பாருங்க," என்றது ஒரு பெண் குரல்.

மச்சான் குனிந்தார். "பொட்டுதானுங்க இருக்குது."

"என்ன சார் இருக்கு?"

"சந்தனங்க. மேல குங்குமம்."

"அதைத் துடைச்சிருங்க சார், சரியாயிடும்."

மச்சானின் கை துண்டை நோக்கிப் போனது. அப்போது பெரியம்மா ஒருத்தி, "நல்ல நேரத்துல கூடப்பொறந்தவ வெச்ச பொட்டையா?" என்றாள். இன்னும் நாலு பேர் உச்சுக்கொட்டினார்கள். மச்சானின் கை பாதியில் நின்றது.

"அதெல்லாம் ஆகாதுங்கம்மிணி," என்று போனில் சொன்னார். "வேற வழி இருந்தாச் சொல்லுங்க."

வேற வழி இல்லை என்றது குரல். மச்சான் போனை வைத்துவிட்டு நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார். ஆசையாகக் கேட்ட பொருள் கிடைக்காத குழந்தையின் முகம். எனக்குப் பாவமாகவும் இருந்தது, குதிக்க வேண்டும்போலவும் இருந்தது.

"மொதலாளி வந்திருக்காருங்களா?" என்றது டி.வி.

சபையே திரும்பிப் பார்த்தது.

"ஆறு வண்டி வெச்சிருந்த மொதலாளின்னு அண்ணன் சொல்லியிருக்காருங்க. நாக்பூர் தாண்டித்தான் நிக்கறோம். ஏறுங்க மொதலாளி, ஜபல்பூர் போயிட்டு வந்துரலாம். கண்ணுக்குத் தெரியாதது எல்லாம் நான் சொல்றேன்."

மச்சான் என்னைப் பார்த்தார். "இது பேசுமா மாப்ள? எங்க ஊட்டுப் பெட்டியில இருக்கிறவன் வணக்கம், நன்றி, இதைத் தவிர வாயே தொறக்கறதில்லை." தயங்கித் தயங்கி ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்தார். லாரி நகர்ந்தது.

"இப்ப சிவனி ஊரு தாண்டியாச்சுங்க. ரெண்டு பக்கமும் தேக்கு. எலை கொட்டி ரோடு பூரா செவப்பா கெடக்குது, டயர் ஏறினா நொறுநொறுங்குது, கேக்குதுங்களா? முன்னால ஒரு டீக்கடை. பாய்லருக்குப் பக்கத்துல ஒரு கிழவன் சுருட்டுப் புடிச்சிட்டு நம்ம வண்டியோட நம்பரைப் படிக்கறான். தமிழ்நாட்டு வண்டின்னு தெரிஞ்சுபோச்சு, கையைக் காட்டறான்..."

மச்சான் மெதுவாக ஹாரனை அடித்தார். அவர் கண் நிறைந்திருந்தது.

"அதே கிழவன் மாப்ள," என்றார். "அப்படித்தான் கையைக் காட்டுவான்."

எந்தக் கிழவனோ, எந்தக் கடையோ. முப்பது சொந்தக்காரர்கள் பந்திக்குப் போகாமல் நின்று அந்த மங்கலைப் பார்த்தார்கள். எல்லாருக்கும் ரோடு தெரிந்தது. ஒரு ஏற்றம் வந்தது. மச்சான் கியரை மாற்ற, அது கடகடவென்று கத்தியது.

"மெதுவா மொதலாளி," என்றான் மாதப்பன். "அக்கா ஓட்டறப்ப இந்த ஏத்தத்துல கியரு கத்துனதே இல்லைங்க."

"எந்த அக்கா?" என்றேன் நான்.

"நான் ஒண்ணும் சொல்லலைங்க," என்றான் அவசரமாக. "அக்கா, என்னை மன்னிச்சிருங்க."

எல்லார் தலையும் கோபிகா பக்கம் திரும்பியது. அவள் குழந்தையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். எனக்குப் பட்டென்று எல்லாம் விளங்கியது. ஜபல்பூருக்கு உருண்டுபோன லாரி. நேற்று மாதப்பன் நாக்கைக் கடித்துக்கொண்டது. நான் மையத்தில் பச்சைப் புள்ளி பார்த்துக்கொண்டிருந்த பகல் முழுக்க, இவள் மடியில் பிள்ளையை வைத்துக்கொண்டு லோடு அடித்திருக்கிறாள்.

"பதினஞ்சு வயசுல கேட்டேன்," என்று அண்ணனைப் பார்த்துச் சொன்னாள் கோபிகா. "ஆறு வண்டி நின்னுது. பொட்டப்புள்ளைக்கு ஸ்டியரிங் எதுக்குன்னு சொன்னீங்க. அதான் இவருகிட்டக்கூடக் கேக்கலை."

மச்சான் எழுந்தார். சண்டை வருமோ என்று பயந்தேன். அவர் நாற்காலியைத் துண்டால் தட்டித் துடைத்தார்.

"வந்து உக்காரு கண்ணு," என்றார். "சீருன்னா இதுதான் சீரு."

அவள் குழந்தையை அவரிடம் கொடுத்துவிட்டு வந்தாள். என்னைத் தாண்டும்போது பார்த்தேன். மோதிர விரலில் சந்தனம் இன்னும் காயவில்லை.

"அடியில நடுவுல வெச்ச பொட்டு..." என்றேன் மெதுவாக.

"பொட்டு வெக்கற எடம் எனக்குத் தெரியாதுங்களா?" என்றாள். "வெள்ளிக்கெழமைக்கு வெள்ளிக்கெழமை புதுசா வெச்சுக்கலாம். இப்ப தள்ளி உக்காருங்க."

ஏற்றத்தில் கியர் விழுந்த சத்தமே கேட்கவில்லை. மச்சானின் தோளில் சாய்ந்திருந்த இதழினி, காதுவலியை மறந்து, "வத்தும், வத்தும்" என்றாள். சபை சிரித்தது. நான் எங்கே உட்காருவது என்று தெரியாமல் மேஜைக்கு இடதுபக்கம், கிளீனர் உட்காரும் பக்கம், ஒரு முக்காலியை இழுத்துப் போட்டேன். எவ்வளவு பிரமாதமாக ஓட்டுகிறாள் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன்.

"அண்ணா," என்றான் மாதப்பன். "சும்மா உக்காந்துட்டு வராதீங்க. கண்ணாடியைத் தொடைங்க."